பின்வரிசைக்காரர்கள்

"பாடுகிறவர் எங்கே?"

அமெரிக்காவில் இரண்டே பேர் நடத்துகிற ஒரு ராக் கோஷ்டியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால், எடுத்த எடுப்பில் வருகிற கேள்வி இதுதான். பாட்டுக்கென்று தனியாக ஒருவரும் இல்லை என்று சொன்னால், "போகட்டும், கிதாராவது உண்டா?" என்கிறார்கள். அதுவும் இல்லை. ஒருவர் பேஸ் கிதார் வாசிக்கிறார். மற்றவர் டிரம் வாசிக்கிறார். கோஷ்டி அவ்வளவுதான். இதைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஓர் அனுதாபம் படர்வதை நான் பல தடவை பார்த்துவிட்டேன். விருந்துக்கு அழைத்துவிட்டு இலையில் சாதத்தையும் உப்பையும் மட்டும் வைத்துவிட்ட வீட்டுக்காரரிடம் காட்டுகிற அனுதாபம் அது. 'பாவம், பாக்கிப் பேருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லை போலிருக்கிறது!'

இந்த அனுதாபத்தின் மேல்தான் எனக்குக் கோபம். திட்டுகிறவரோடு வாதாடலாம். அனுதாபப்படுகிறவர் வாதத்துக்கே வருவதில்லை. தீர்ப்பை எழுதி மடியில் முடிந்துகொண்டுதான் வருகிறார். அந்தத் தீர்ப்பு என்னவென்றால்: பேஸும் டிரம்மும் பின்வரிசைக்காரர்களின் வாத்தியங்கள், பின்வரிசை மட்டும் இருந்து முன்வரிசை காலியாக இருந்தால் அது கச்சேரி ஆகாது. இந்தத் தீர்ப்பைக் காது சொல்வதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். காது சொல்லவில்லை. அந்தஸ்துப் பழக்கம் சொல்லுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் யார், நின்றுகொண்டிருப்பவர் யார் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண், காதின் வேலையையும் சேர்த்துச் செய்யத் தொடங்கிவிட்டது.

இந்த அந்தஸ்து எப்படி வந்தது என்று பார்ப்போம். மேல்நாட்டு நடனக் கோஷ்டிகளில் கீழ் ஸ்வரங்களை வாசித்தது ஆளுயர மர வாத்தியம். பிடில் குடும்பத்துப் பெரியண்ணன். தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவது பெரும்பாடு. பக்கத்தில் ஊதுகுழல்கள் முழங்கினால் அதன் குரல் எடுபடுவதும் இல்லை. 1951-ல் லியோ ஃபெண்டர் என்பவர் கலிபோர்னியாவில் மின்சார பேஸ் கிதார் ஒன்றைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் மெட்டுக் கட்டைகள் இருந்ததால் விரலை வைத்த இடத்தில் ஸ்வரம் பிசகாமல் பேசும். அதனாலேயே அதற்குத் துல்லியம் என்று பொருள்படும் 'பிரிசிஷன்' என்ற பெயர் வந்தது. இடத்தை அடைக்காதே, ஸ்வரம் தப்பாதே, கீழே இருந்து மற்றவர்களைத் தாங்கு - பிறக்கும்போதே அந்த வாத்தியத்தின் தலையில் எழுதப்பட்ட உத்தியோக விதிகள் இவை. நல்ல குமாஸ்தாவுக்கும் இவைதானே விதி?

இந்த உத்தியோகத்தை யார் விரும்பினார்கள்? உலகமே கொண்டாடிய பீட்டில்ஸ் கோஷ்டியில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் ஸட்கிளிஃப் 1961-ல் விலகினார். காலியான இடத்துக்கு மற்றவர்கள் யாரும் ஆசைப்படவில்லை. வேறு வழியில்லாமல் பால் மக்கார்ட்னியின் தலையில் அது விழுந்தது. அவர் அந்த வாத்தியத்துக்கு என்ன மரியாதை தேடிக்கொடுத்தார் என்பது பிற்பாடு நடந்த கதை. நான் சொல்ல வந்தது அந்த முதல் நாளைப் பற்றி: பேஸ் என்பது தண்டனை மாதிரி கைமாறிய பொருள். 1965-ல் தி ஹூ கோஷ்டியின் 'மை ஜெனரேஷன்' இசைத்தட்டில் ஜான் என்ட்விஸில் தனியாகச் சில விநாடி பேஸ் வாசித்தார். அந்தச் சில விநாடிகளை இன்றைக்கும் ஓர் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்காரன் ஒருநாள் கூடத்துக்கு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனான் என்று தெரு முழுக்கப் பேசினால், அந்தத் தெருவின் லட்சணம் என்னவென்று நமக்குத் தெரியாதா?

இப்போது நான் சொல்ல வந்த இருவரிடம் வருகிறேன். கோஷ்டியின் பெயர் லைட்னிங் போல்ட். மின்னல் வெட்டு என்று பொருள். பேஸ் வாசிப்பவர் பிரையன் கிப்ஸன். டிரம் வாசிப்பவர் பிரையன் சிப்பெண்டேல். அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டின் தலைநகரம் பிராவிடென்ஸ். அங்கே ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்ற புகழ்பெற்ற சித்திரக் கலாசாலையில் இருவரும் மாணவர்கள். 1994-ல் கோஷ்டி தொடங்கியது. ஆரம்பத்தில் ஹிஷாம் பரூச்சா என்ற மூன்றாமவர் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்; சீக்கிரமே விலகிவிட்டார். வேறு எந்தக் கோஷ்டியாக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? 'பாடகர் தேவை' என்று எழுதிக் கலாசாலைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். இவர்கள் ஒட்டவில்லை. காலி நாற்காலியை அகற்றிவிட்டு மிச்ச இடத்தில் தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

அப்படி உட்கார்ந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. பேஸின் நான்கு தந்திகளை வழக்கமாகக் கட்டுவது ச-வுக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள இடைவெளியில். கிப்ஸன் அந்த ஏற்பாட்டைக் கலைத்தார். செல்லோ வாத்தியத்தில் கட்டுகிற மாதிரி, ஒவ்வொரு தந்திக்கும் அடுத்ததற்கும் இடையே ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள தூரம் இருக்கும்படி கட்டினார். இதனால் அடித்தந்தி வழக்கத்தைவிடக் கீழே இறங்கிற்று. மேல்தந்தி வழக்கத்தைவிட மேலே ஏறிற்று. மேல்தந்திக்குப் பேஸ் தந்தி தாங்காது என்று பான்ஜோ தந்தியை எடுத்துப் போட்டார். தாங்குகிறவனும் அவனே, பாடுகிறவனும் அவனே என்று ஒரே வாத்தியத்தில் இரண்டு உத்தியோகங்களைச் சேர்த்தார்.

மூன்றாவதாக ஒன்றும் செய்தார். பேஸின் ஒலியை மின்சாரப் பெட்டிகளின் வழியே விட்டு, வேண்டுமென்றே கரகரப்பாக்கினார். 'ஒலி கெட்டுவிட்டது' என்று நாம் சொல்லுகிறோமே, அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சாதாரண பேஸின் அடித்தந்தி விநாடிக்குச் சுமார் 41 தடவை அதிர்கிறது. அந்த அலையின் தலையையும் காலையும் மின்சாரத்தால் வெட்டிவிட்டால், 82, 123, 164 என்று அதன் மடங்குகள் எல்லாம் கிளம்பி உரக்கப் பேச ஆரம்பிக்கின்றன. கீழே ஒரு ஸ்வரம் அடித்தால், மேலே ஒரு ஜனக்கூட்டமே பதில் சொல்லுகிறது. கிதார் இருந்திருக்க வேண்டிய இடம், குரல் இருந்திருக்க வேண்டிய இடம் எல்லாம் இந்தக் கூட்டத்தால் நிரம்பிவிடுகின்றன. 'இரண்டு வாத்தியம்தானே?' என்று இரக்கப்படுகிறவர் விரலை எண்ணுகிறார், ஒலியை எண்ணுவதில்லை.

சிப்பெண்டேலின் டிரம்மோ காலம் காட்டுகிற கடிகாரமாக இருக்கச் சம்மதிப்பதே இல்லை. அது ஓயாமல் பேசுகிறது. வாக்கியம் முடிகிற இடத்தில் முடிக்காமல் அடுத்த வாக்கியத்துக்குள் புகுந்துவிடுகிறது. துணிகளைத் தைத்துத் தானே செய்துகொண்ட வர்ணமயமான முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு அவர் வாசிக்கிறார். அந்த முகமூடிக்குள், பழைய டெலிபோன் கருவியிலிருந்து பிடுங்கிய ஒலிவாங்கி ஒன்று வாயருகே இருக்கிறது. அதன் வழியாக அவர் கத்துகிறார், முனகுகிறார், பாடுகிறார். சொற்கள் பெரும்பாலும் புரியாது. புரிய வேண்டும் என்று அவர் கவலைப்படுவதாகவும் தெரியவில்லை. குரல் இங்கே எஜமானன் அல்ல, மூன்றாவது வாத்தியம். பாடகருக்கு உள்ள முகத்தையே துணியால் மூடிவிட்ட பிறகு, 'நட்சத்திரம்' என்று யாரைக் கொண்டாடுவது?

"இதெல்லாம் சரி, கேட்கச் சகிக்கவில்லையே!" என்பீர்கள். சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

என் நண்பர் ஒருவர் - சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நல்ல ரசிகர், அதைவிட நல்ல மனுஷர் - ஒருநாள் மாலை என் வீட்டுக்கு வந்தார். லைட்னிங் போல்ட் 2003-ல் வெளியிட்ட 'வொண்டர்ஃபுல் ரெயின்போ' என்ற தொகுப்பை அப்போது நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷம் மரியாதைக்காகப் பொறுத்துக்கொண்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ ஸார். மாடியிலே யாரோ பீரோவை இழுக்கிற மாதிரி இருக்கு."

"இருக்கட்டும் ஸார். அந்த பீரோவை எத்தனை தடவை இழுத்தான்னு எண்ணிப் பாருங்கோ."

அவர் சிரித்தார், ஆனால் எண்ணினார். கணக்கர் அல்லவா? ஒரு சின்ன வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதையும், திரும்பி வருகிறபோதே ஓரிடத்தில் அது சற்று மாறுவதையும், டிரம் அந்த மாறுதலை முன்கூட்டியே அறிந்து அங்கே போய்க் காத்திருப்பதையும் அவர் விரல் கண்டுபிடித்துவிட்டது. பத்து நிமிஷம் கழித்துச் சொன்னார்:

"இதுலே ஒரு கணக்கு இருக்கு ஸார். ஒத்துக்கறேன். ஆனா எனக்குப் பிடிக்கலே."

அந்தப் பதிலுக்கு நான் தலை வணங்குகிறேன். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பது ஒரு மனிதன் தன் வீட்டு வாசலில் நின்று சொல்லுகிற வார்த்தை. 'இது சங்கீதமே இல்லை' என்பது அடுத்தவன் வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, 'இது வீடே இல்லை' என்று சொல்லுகிற அதிகாரம். முதலாவதை எவரும் சொல்லலாம். இரண்டாவதைச் சொல்ல யாருக்கும் பட்டா கொடுக்கப்படவில்லை.

ஆட்சேபணைகளில் ஒன்று மட்டும் மெய்யானது. அதை மறைக்க மாட்டேன். ஒலியின் உரப்பு. 85 டெசிபல் உரப்பை நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம்தான் காது தாங்கலாம் என்று அமெரிக்கத் தொழில் சுகாதார நிபுணர்கள் அளவு வகுத்திருக்கிறார்கள். அதற்குமேல் 3 டெசிபல் ஏறுகிற ஒவ்வொரு தடவையும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் அனுமதி. உரத்த ராக் கச்சேரி எதுவும் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே போகிறவர்கள் காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு போகட்டும். வெயிலுக்குக் குடை பிடிக்கிறோம். அதற்காகச் சூரியனைச் 'சூரியனே இல்லை' என்று சொல்லுவதில்லை.

இன்னொரு தரப்பார் இருக்கிறார்கள். இவர்கள் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள். "இது ஒரு வித்தை, ஒரு கவர்ச்சித் தந்திரம். வாத்தியத்தைக் குறைத்துவிட்டு அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளுகிறார்கள்" என்பது இவர்கள் வாதம். இதற்கு நான் இரண்டு பதில் வைத்திருக்கிறேன்.

முதலாவது: இந்த இருவர் முதல்வர்கள் அல்ல. டோக்கியோவில் 1985-ல் யொஷிதா தத்ஸுயா என்ற டிரம்காரர் ரூயின்ஸ் என்ற கோஷ்டியைத் தொடங்கினார். பேஸும் டிரம்மும் மட்டுமே கொண்ட கோஷ்டி என்று அது பெயரெடுத்தது. பேஸ் வாசிப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள், யொஷிதா மாறவில்லை. எந்த நாட்டுப் பாஷையும் அல்லாத, தாமே இட்டுக்கட்டிய பாஷையில் அவர் பாடினார். அந்த வழக்கத்துக்கும் ஒரு மூதாதை உண்டு: பிரான்ஸில் 1969-ல் கிறிஸ்தியான் வாண்டர் என்ற இன்னொரு டிரம்காரர் ஆரம்பித்த மக்மா கோஷ்டி. கவனித்தீர்களா? பின்னால் உட்கார வைக்கப்பட்ட டிரம்காரன் ஒரு கோஷ்டியைத் தானே நடத்த ஆரம்பித்தால், முதல் காரியமாகச் சொல்லின் அதிகாரத்தை இறக்கி வைக்கிறான். கவர்ச்சித் தந்திரம் ஒரு பருவம் தாங்கும். மூன்று நாடுகளில், ஐம்பது வருஷங்களுக்கு மேல் தொடர்கிறதென்றால் அதற்கு வேறு பெயர்தான் வைக்க வேண்டும்.

இரண்டாவது: பேஸையும் டிரம்மையும் மட்டும் வைத்துக்கொள்வதாலேயே ஒன்றும் புரட்சி நடந்துவிடுவதில்லை என்பதை நானும் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் ராயல் பிளட் என்ற இருவர் கோஷ்டி அதே இரண்டு வாத்தியங்களை வைத்துக்கொண்டு 2014-ல் வெளியிட்ட முதல் தொகுப்பு, அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. நல்ல வாசிப்பு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே பேஸ், கிதாரின் சட்டையைப் போட்டுக்கொண்டு கிதாரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் பாடகரும் வழக்கம் போல முகம் காட்டிப் பாடுகிறார். குமாஸ்தா மானேஜராகிவிட்டார், ஆபீஸ் மாறவில்லை. லைட்னிங் போல்ட் செய்த காரியம் வேறு. அவர்கள் நாற்காலிகளின் வரிசையையே கலைத்தார்கள்.

அதை எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டுமானால், 'தி பவர் ஆஃப் ஸலாட்' என்று 2002-ல் வெளிவந்த படத்தைப் பார்க்க வேண்டும். இவர்களுடைய சுற்றுப்பிரயாணத்தைப் பின்தொடர்ந்து எடுத்த படம் அது. மண்டபத்தில் மேடை இருக்கிறது. மேடையில் வேறொரு கோஷ்டி வாசிக்கிறது. ஜனங்கள் மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் கோஷ்டி கடைசி அடியை அடித்து நிறுத்துகிறதோ இல்லையோ, ஜனங்களின் முதுகுப் பக்கத்தில், தரையில், இடி விழுந்த மாதிரி இன்னொரு வாசிப்புத் தொடங்கிவிடுகிறது. திரும்பிப் பார்த்தால் இந்த இருவர்! முன்வரிசையில் இடம் பிடித்தவர்கள் ஒரு நொடியில் கடைசி வரிசையாகிவிட்டார்கள். கடைசியில் ஒதுங்கி நின்றவர்களின் மூச்சுக்காற்று டிரம்மின் மேல் படுகிறது. கூட்டம் வட்டமாகச் சூழ்ந்துகொள்ளுகிறது. வட்டத்துக்கு முன்வரிசை ஏது?

இந்த ஏற்பாட்டில் கஷ்டம் இல்லை என்று நான் சாதிக்கவில்லை. கூட்டம் பெருகப் பெருக, முதல் இரண்டு வட்டத்தாருக்கு மட்டும் ஏதோ தெரியும். மற்றவர்களுக்குத் தலைகள்தான் தெரியும். நெருக்கித் தள்ளுகிறவர்கள் வாத்தியத்தின் மேலேயே விழுவார்கள். ஆகவே பிற்காலத்தில் இவர்களும் மேடைகளில் ஏறி வாசித்திருக்கிறார்கள். 'பார்த்தீர்களா, வழிக்கு வந்துவிட்டார்கள்!' என்று குதிக்கிறவர்கள் குதிக்கட்டும். நூறு பேர் கூடுகிற இடத்தில் தரை நியாயம். ஆயிரம் பேர் கூடுகிற இடத்தில் மேடை சௌகரியம். சௌகரியத்தைச் சௌகரியம் என்று தெரிந்து உபயோகிக்கிறவன் வேறு. அதையே தர்மம் என்று நம்பிக் கும்பிடுகிறவன் வேறு.

இதுவரை நான் சொன்னதெல்லாம் சங்கீதத்தைப் பற்றி. இனிமேல் சொல்லப்போவது வாடகையைப் பற்றி. இரண்டும் சம்பந்தமில்லாதவை என்று நினைக்கிறவர்கள்தான் என்னுடைய மெய்யான எதிரிகள்.

பிராவிடென்ஸ் ஒரு காலத்தில் ஜவுளி நகரம். அதற்கு அடுத்த ஊரான பாடக்கெட்டில்தான் 1793-ல் ஸ்லேட்டர் ஆலை எழுந்தது. நீரின் விசையால் பருத்தி நூற்ற ஆலைகளில் அமெரிக்காவிலேயே முதன்மையானது என்று சொல்லப்படுவது அது. அந்த வட்டாரம் முழுக்கச் செங்கல் ஆலைகள் எழும்பின. இருபதாம் நூற்றாண்டில் ஜவுளித் தொழில் கூலி மலிந்த தென் மாநிலங்களுக்குப் போய்விட்டது. ஆலைகள் வெறிச்சோடி நின்றன. அப்படி ஓல்னிவில் என்ற ஏழைப் பேட்டையில் நின்ற ஓர் ஆலைக் கட்டிடத்தின் மாடியை 1995-ல் சிப்பெண்டேலும், மாட் பிரிங்மன் என்ற சித்திரக்காரரும், சில நண்பர்களும் வாடகைக்கு எடுத்தார்கள். அதற்கு ஃபோர்ட் தண்டர் என்று பெயர் வைத்தார்கள். இடிக்கோட்டை. அங்கேயே குடியிருந்தார்கள். அங்கேயே படம் வரைந்தார்கள், பட்டுத்திரையில் விளம்பரத் தாள்கள் அச்சடித்தார்கள், கச்சேரி நடத்தினார்கள். குப்பையில் கிடைத்த சாமான்களெல்லாம் சுவரேறின. சிப்பெண்டேல் அந்த நாட்களில் வரைந்த சித்திரக்கதை ஒன்று 2007-ல் 'மகட்ஸ்' என்ற பெயரில் புத்தகமாக வந்தது. வெள்ளைத்தாளில் வரைந்ததல்ல அது. ஒரு ஜப்பானியப் புத்தக விலைப்பட்டியலின் பக்கங்களின் மேலேயே வரைந்தது.

அந்த மாடியில்தான் லைட்னிங் போல்ட் வளர்ந்தது. எவ்வளவு உரக்க வாசித்தாலும் கதவைத் தட்ட அண்டை வீட்டுக்காரர் இல்லை. விடிய விடிய வாசித்தாலும் மணிக் கணக்குக்குக் காசு கேட்பவர் இல்லை. மேடை இல்லாத மாடியில் மேடையின்மேல் பக்தி எப்படி வரும்? தரையில் வாசிக்கிற வழக்கம் அந்தத் தரையிலிருந்து முளைத்தது. நாம் 'மேதை' என்று சொல்லி மாலை போடுகிற பொருளில் பாதி, மலிவான வாடகை. இதைச் சொன்னால் கலையின் கௌரவம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் இல்லை.

2001-ல் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பழைய ஆலைகளை இடிக்கக் கூடாதென்று ஊரில் பலர் குரல் கொடுத்தார்கள். அதன் பலனாகப் பக்கத்துக் கட்டிடங்கள் சில தப்பின. இடிக்கோட்டை தப்பவில்லை. 2002-ல் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த இடத்துக்கு வந்தது ஒரு பெரிய மளிகைக் கடையின் கார் நிறுத்துமிடம்.

இப்போது நான் சொல்லுவதைக் கவனமாகக் கேளுங்கள். அதே 2002-ல், நியூயார்க்கில் விட்னி மியூசியம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடத்துகிற மகத்தான கலைக் கண்காட்சியில், அதே இடிக்கோட்டையில் உருவான ஃபோர்ஸ்ஃபீல்ட் என்ற கோஷ்டியின் படைப்புகள் வைக்கப்பட்டன. அங்கே விளக்குப் போட்டுக் காட்டினார்கள். இங்கே இடித்த செங்கல்லை வாரிக்கொட்டினார்கள். நான்கு வருஷம் கழித்து, 2006-ல், பிராவிடென்ஸின் சித்திரக் கலாசாலை மியூசியமே 1995 முதல் அந்த ஊரில் நடந்த இந்தத் தலைமறைவுக் கலையைப் பற்றி 'வண்டர்கிரவுண்ட்' என்று ஒரு கண்காட்சி நடத்தியது. தெரு விளக்குக் கம்பத்தில் ஒட்டிய விளம்பரத் தாள்களெல்லாம் மியூசியத்துச் சுவரில் ஏறின. 2009-ல் அந்த நகரம் தனக்கு 'சிருஷ்டித் தலைநகரம்' என்று ஒரு பட்டமும் சூட்டிக்கொண்டது! பசுவை விற்றுவிட்டு, 'பால் வளத்தில் சிறந்த வீடு' என்று வாசலில் பலகை மாட்டுவதைப் போலில்லையா இது?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மனிதர் எழுந்து, "அந்த மாதிரி கட்டிடங்களில் தீப்பிடித்தால் என்ன செய்வீர்?" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. 2003-ம் வருஷம் பிப்ரவரி மாதம், அதே ரோட் ஐலண்டில், வெஸ்ட் வாரிக் என்ற ஊரில், ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில் கச்சேரி நடக்கும்போது வாணவேடிக்கைப் பொறி பட்டுத் தீப்பிடித்து 100 பேர் மாண்டார்கள். 2016-ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில், கலைஞர்கள் குடியிருந்த 'கோஸ்ட் ஷிப்' என்ற கிடங்கில் தீப்பிடித்து 36 பேர் மாண்டார்கள். இந்தச் சாவுகளை அற்பமாகப் பேசுகிறவன் கலையைப் பற்றிப் பேச லாயக்கற்றவன்.

ஆனால் அந்த இரண்டு விபத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓக்லண்டுக் கிடங்கு கச்சேரிக்கு அனுமதி பெறாத இடம். வெஸ்ட் வாரிக் விடுதி அனுமதி பெற்று நடந்த இடம். சுவரில் ஒட்டியிருந்த பஞ்சுத் தகடுதான் அங்கே எமனாயிற்று. ஜனங்களைக் காப்பாற்றுகிறவை போதுமான வாசல்கள், ஒழுங்கான மின்கம்பிகள், தண்ணீர் தெளிக்கும் குழாய்கள். இவற்றைப் போட்டுத் தரலாமே! 1999-ல் பிராவிடென்ஸ் நகர மத்தியில் திறக்கப்பட்ட மாபெரும் கடை மாளிகைக்குச் சர்க்கார் வாரி வழங்கிய வரிச்சலுகைகளில் ஒரு சிறு பங்கு இருந்தால், எத்தனை பழைய மாடிகளுக்கு இரண்டாவது படிக்கட்டு கட்டியிருக்கலாம்? முன்வரிசைக்குச் சலுகை, பின்வரிசைக்குச் சட்டம். தீயைப் பற்றிய கவலை உண்மையானால் கட்டிடத்தைப் பத்திரமாக்குவார்கள். கார் நிறுத்த இடம் வேண்டுமென்ற கவலைதான் கட்டிடத்தை இடிக்கும்.

இடம் போனதால் இருவரும் ஓய்ந்துவிடவில்லை என்பதைச் சந்தோஷமாகச் சொல்லுகிறேன். 2005-ல் ஒன்று, 2009-ல் ஒன்று என்று தொகுப்புகள் வந்தன. 2015-ல் வந்த 'ஃபேன்டஸி எம்பயர்' தொகுப்புக்காகத்தான், கோஷ்டி தொடங்கி இருபது வருஷங்களுக்குப் பிறகு, முறையான ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைக் கண்டார்கள். அதுவும் பழைய ஆலை நகரமான பாடக்கெட்டில். 2019-ல் 'ஸானிக் ஸிடடல்' வந்தது. கிப்ஸன் 'தம்ப்பர்' என்ற தாள விளையாட்டு ஒன்றை மார்க் ஃப்ளரி என்பவரோடு சேர்ந்து செய்து 2016-ல் கம்ப்யூட்டருக்கு வெளியிட்டார். சிப்பெண்டேல் சித்திரக்கதைகளை வரைந்தார்.

'பார்த்தீர்களா, திறமை இருந்தால் எங்கேயும் பிழைக்கும்' என்று உடனே ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலை நான் நன்றாக அறிவேன். வயிறு நிறைந்த பிறகு பேசுகிற குரல் அது. ஏற்கெனவே வேர்விட்ட மரத்தைப் பெயர்த்து நட்டால் சில சமயம் பிழைக்கும். 1995-ல் அந்த மாடி கிடைக்காமல் போயிருந்தால் விதை விழுந்திருக்குமா என்பதல்லவா கேள்வி? இன்று கலாசாலையை விட்டு வெளியே வருகிற இரண்டு பிள்ளைகள் விடிய விடிய வாசித்துப் பார்க்க ஒரு தரை எங்கே இருக்கிறது? அப்படி வாசித்துப் பார்க்க முடியாமல் போன கோஷ்டிகளின் பெயர்களை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. அவற்றுக்குப் பெயரே வைக்கப்படவில்லை.

ஆகவே வாசக நண்பர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். இந்த இருவரின் இசை உங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. 'வொண்டர்ஃபுல் ரெயின்போ'வை ஒருமுறை, முழுசாக, அளவான ஒலியில் வைத்துக் கேளுங்கள். பாட்டைத் தேடாதீர்கள். கீழே ஓடுகிற பேஸைப் பிடித்துக்கொண்டு போங்கள். அது எங்கே மேலே ஏறுகிறது, டிரம் எங்கே அதற்கு வழிவிடுகிறது, எங்கே வழிமறிக்கிறது என்று பாருங்கள். பிறகு வேண்டுமானால் என் நண்பரைப் போல், 'கணக்கு இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லுங்கள். கேட்டுக்கொள்ளுகிறேன்.

ஆனால் அவர்களிடம் எது இல்லை என்று கணக்கெடுத்து அனுதாபப்படாதீர்கள். இல்லாதது பாடகரும் அல்ல, கிதாரும் அல்ல. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது ஒரு மாடி. அதற்காகக் கோபப்படுங்கள்.